வேலைக்குப் போனவர் திரும்பிப் படிக்கும் வழி

(பெங்களூருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். இடையில் சொன்ன துணைக்கதைகள் குறைக்கப்பட்டுள்ளன. அவையை நோக்கிப் பேசிய இடங்கள் அப்படியே விடப்பட்டுள்ளன.)



உயர்கல்வியும் வட்டாரத் தொழிலாளர் திறனும் என்ற தலைப்பைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்கு ஒரு மணி நேரம் போதாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறோம். 18 வயதில் வேலைக்குப் போய்விட்டவர் 28 வயதில் மறுபடி படிக்க வர முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. ஒரு வட்டாரத்தின் தொழில்திறன் பெரிதும் இந்த இரண்டாவது கேள்விக்கான விடையில் இருக்கிறது என்பது என் கருத்து. பெங்களூருவில் அந்த வழி ஒரு காலத்தில் திறந்திருந்தது. இந்த ஊர் தொழில் நகரமாக வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அது அடைபட்டுப் போனது.

1. எண்கள்

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021–22 அறிக்கையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு நகர மாவட்டத்தில் 1,106 கல்லூரிகள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. இரண்டாவதாக வரும் ஜெய்ப்பூரில் 703. 18 முதல் 23 வயதுள்ள ஒரு லட்சம் பேருக்கு எத்தனை கல்லூரி என்று பார்த்தாலும் கர்நாடகத்துக்குத்தான் முதலிடம்: 66. ஆனால் அதே வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சொல்லும் மொத்தச் சேர்க்கை விகிதத்தில் கர்நாடகம் 36.2, தமிழ்நாடு 47. இந்திய சராசரி 28.4.

கட்டடம் அதிகமாகவும் சேர்க்கை அந்த அளவுக்கு இல்லாமலும் இருப்பது ஏன்? இங்கே பல கல்லூரிகள் சிறியவை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மாணவர் எங்கே படிக்கிறாரோ அந்த மாநிலத்தின் கணக்கில் சேர்கிறார். கேரளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பெங்களூருவுக்குப் படிக்க வந்த பிள்ளைகளும் அந்த 36.2-க்குள்தான் இருக்கிறார்கள். ராய்ச்சூரிலோ யாதகிரியிலோ பிறந்த பெண்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

தமிழ்நாட்டின் 47 எப்படி வந்தது என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். பள்ளியில் சாப்பாடு, இலவசப் பஸ் பாஸ், 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இல்லாமை, 2010-இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் என்று பல கைகள் சேர்ந்து தூக்கிய எண் அது. பெருமைப்படலாம். ஆனால் அதே 2022-இல் அதே அரசு நான் முதல்வன் என்ற திறன் திட்டத்தையும் தொடங்கியது. சேர்க்கையால் மட்டும் வேலை வந்துவிடாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2035-க்குள் இந்த விகிதம் 50 ஆக வேண்டும் என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. விகிதத்தை வகுக்கும் எண் 18–23 வயதினர் என்பதால் திட்டம் போடுபவர்களின் கண்ணும் அந்த வயதைத் தாண்டுவதில்லை. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் 30 வயதுக்காரர் யாருடைய இலக்கிலும் இல்லை.

2. இந்த ஊர் எப்படித் தொழில் கற்றது

பெங்களூருவின் கதையைச் சொல்பவர்கள் இந்திய அறிவியல் நிறுவனத்தில் தொடங்குவார்கள். தவறில்லை. ஜாம்ஷெட்ஜி டாடா 1890-களிலேயே கண்ட கனவு, மைசூர் அரசு 1907-இல் கொடுத்த 371 ஏக்கர் நிலம், 1909-இல் நிறுவனம், 1911-இல் முதல் மாணவர்கள். அடுத்து விசுவேசுவரய்யா. அவர் திவானாக இருந்த காலத்தில் 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1917-இல் பெங்களூருவில் அரசுப் பொறியியல் கல்லூரி. இன்று யு.வி.சி.இ. என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆனால் அதே விசுவேசுவரய்யா தம் எண்பதுகளில் எதற்காக அலைந்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1943-இல் தொடங்கிய ஜயசாமராஜேந்திரத் தொழிற்கல்வி நிலையத்துக்காக. அதுதான் இன்றைய எஸ்.ஜே. பாலிடெக்னிக். பொறியாளரை உண்டாக்கியாயிற்று, பொறியாளருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் நடுவில் நிற்க ஆள் இல்லை என்று அவர் கண்டுகொண்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பல்கலைக்கழகத்துக்குத் துணைநின்ற கை கால் நூற்றாண்டு கழித்து டிப்ளமோவுக்காக நீண்டது. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆள் தேவை என்பது அப்போது ஏட்டுப் பேச்சாக இல்லை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்டைத் தொடங்கினார்கள். நாட்டில் விமானம் கட்டத் தெரிந்தவர் கிடையாது. 1942-இல் அறிவியல் நிறுவனத்தில் விமானப் பொறியியல் துறை வந்தது. அங்கே பாடம் சொன்ன வி. எம். காட்கே பிறகு இந்துஸ்தான் ஏர்கிராஃப்டுக்குப் போய் எச்.டி.–2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். அது 1951-இல் பறந்தது. வரைபடம் அவருடையது. தகட்டை வளைத்து, ரிவெட் அடித்து, அளவு பார்த்தவர்கள் வேறு. அந்தக் கைகள் தொழில் பயின்றது தொழிற்சாலைக்குள்ளேயே.

அடுத்தடுத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வந்தன: 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல்., 1964-இல் பி.இ.எம்.எல். எல்லாவற்றுக்கும் பயிற்சித் தேவை இருந்தது; 1961-இன் தொழிற்பழகுநர் சட்டம் அதைக் கடமையாகவும் ஆக்கியது. வெளியிலும் நிறுவனங்கள் எழுந்தன. 1962-இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு இயந்திரக் கருவி ஆய்வு நிறுவனம், 1971-இல் ஜெர்மானிய உதவியோடு ஃபோர்மென் பயிற்சி நிறுவனம், 1972-இல் டேனிஷ் உதவியோடு அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையம். மேலே அறிவியல் நிறுவனம், அதன் கீழ்ப் பொறியியல் கல்லூரி, அதன் கீழ்ப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையம், அப்ரண்டிஸ் பள்ளி. இப்படித் தளம் தளமாக ஒரு மாடிக்கட்டடம் எழும்பியது. தளங்கள் மட்டும் இருந்திருந்தால் அவரவர் தளத்தில் அவரவர் தங்கியிருப்பார்கள். நடுவில் படிக்கட்டு இருந்தது.

எது படிக்கட்டு? யு.வி.சி.இ.யில் வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேரப் பி.இ., பி.எம்.எஸ். மாலைப் பொறியியல் கல்லூரி, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு, தொழிற்சாலைக்குள் நடந்த பதவி உயர்வுத் தேர்வுகள். காலையில் முதல் ஷிஃப்ட். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. ஃபிட்டராக உள்ளே போனவர் சூப்பர்வைசராகி, பொறியாளராகி ஓய்வு பெற்றார். மர்ஃபி டவுனிலும் அல்சூரிலும் தூரவாணி நகரிலும் ஜாலஹள்ளியிலும் எத்தனை தமிழ், கன்னட, தெலுங்கு வீடுகளின் கதை இது! தலை ஆட்டுகிறவர்களை மேடையிலிருந்தே பார்க்கிறேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், நிரந்தர வேலையில் இருந்தவர்கள். யார் அதன் அருகிலேயே போக முடிந்தது என்பதில் சாதி கணக்குப் பார்த்தது. வேலையிலும் கல்வியிலும் பிற வகுப்பாருக்கு இடம் வேண்டும் என்று 1918-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மில்லர் குழுவை அமைத்தபோது, தகுதி கெட்டுவிடும் என்று மாறுபட்டவர் இதே விசுவேசுவரய்யாதான். நான் பாராட்டிய மனிதரின் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்.

3. படிக்கட்டு எப்படிப் போனது

யாரும் இடிக்கவில்லை. அது பயன்படாமல் போனது. இதில் மூன்று போக்குகள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, பொதுத்துறை ஆள் எடுப்பதைக் குறைத்தது. 1991-க்குப் பிறகு அது வேகமெடுத்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்டது. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. சுரங்கத்தில் மூன்று தலைமுறை உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அதன்பின் அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வந்து, இரவில் திரும்புகிறார்கள். படித்த பிள்ளைகள்தான். ஆனால் ஒரு நாளின் இரு முனைகளையும் ரயிலிலேயே கழிப்பவர் எந்த மாலைக் கல்லூரியில் சேர்வார்?

இரண்டாவது, புதிதாக வந்த தொழிலின் குணம். 1978-இல் எலெக்ட்ரானிக் சிட்டி, 1983-இல் பூனாவிலிருந்து இன்ஃபோசிஸ், 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ். மென்பொருள் நிறுவனம் பட்டதாரியை வாசலில் எடுத்துக்கொண்டு தானே பயிற்சி தந்தது. அதை நன்றாகவே செய்தது. மைசூருவில் இன்ஃபோசிஸ் கட்டிய பயிற்சி வளாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாசலில் நுழையப் பட்டம் கையில் இருக்க வேண்டும். அதே வளாகத்தில் ஏ.சி. இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் ஐ.டி.ஐ. படித்தவர் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை மேலே ஏற்றிவிடும் கடமை யாருக்கும் இல்லை. 2020 டிசம்பரில் கோலார் அருகே நரசாபுரத்து ஐபோன் தொழிற்சாலையில் சம்பளப் பிரச்சினை கலவரமாக வெடித்தபோது, அங்கே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பது வெளியே தெரிந்தது. கண்ணாடி உடைந்ததைப் பேசினோம். இவர்களைப் படிக்க வைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை.

மூன்றாவது, தனியார் கல்லூரிக் கணக்கு. நன்கொடைக் கட்டணத்தைத் தடைசெய்து கர்நாடகம் 1984-இலேயே சட்டம் போட்டது. 1992-இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000 என்று அரசே கட்டணம் அறிவித்திருந்தது. அது மருத்துவம்தான், ஆனால் மனப்போக்கு எல்லாத் துறைக்கும் பொது. வெளியூரிலிருந்து முழுக் கட்டணத்தோடு வரும் 18 வயது மாணவரா, சம்பளத்தில் பிடித்துத் தவணை கட்டும் 30 வயதுத் தொழிலாளியா என்று பார்த்தால், முதல் போட்டவர் யாரைத் தேடிப் போவார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

4. மறுபடி கட்டுவது

காகிதத்தில் வழி அடைபடவில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் டி.சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதிப் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு வரலாம். வேலை பார்ப்பவர்களுக்கென்று நெகிழ்வான நேர வகுப்புகளை 2023–24 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதிக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் துணையோடு 150 அரசு ஐ.டி.ஐ.களைக் கர்நாடகம் புதுப்பித்திருக்கிறது, தமிழ்நாடு 71-ஐ. ரோபோவும் சி.என்.சி. இயந்திரமும் வந்துவிட்டன. இருந்தும் ஏறுபவர் குறைவாக இருப்பதற்கு என் அனுபவத்தில் மூன்று தடைகள்.

ஒன்று நேரம். இன்றைய தொழிற்சாலையில் ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஒரு வாரம் மாலை வகுப்புக்கு வருபவர் அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்டில் இருப்பார். இதற்கு எளிய மருந்து, ஒரே பாடத்தை ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் நடத்துவது. எந்த வகுப்புக்கு வந்தாலும் வருகைப்பதிவு ஒன்றே. ஆசிரியருக்கு இரட்டை வேலை, ஆகவே கூடுதல் சம்பளம் தர வேண்டும். கட்டடமும் ஆய்வுக்கூடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இதைத் தாண்டி இதில் நுட்பம் ஒன்றும் கிடையாது.

இரண்டு பணம். இங்கே அரசின் விதிகளைப் பாருங்கள். 1952-இன் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் நெடுங்காலம் நின்ற விதிப்படி ஒரு தொழிலாளி தன் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க முடிந்தது. பிள்ளைகளின் கல்யாணத்துக்கு எடுக்க முடிந்தது. மகன், மகளின் மெட்ரிக்குக்குப் பிந்தைய படிப்புக்கும் எடுக்க முடிந்தது. தன்னுடைய படிப்புக்கு என்று அதில் இடம் இருக்கவில்லை. தொழிலாளி படிப்பார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2016 ஏப்ரலில் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தது இந்த வைப்பு நிதிக்காகத்தான். எடுக்கும் விதியை இறுக்கப் பார்த்த ஒன்றிய அரசு பின்வாங்கியது. அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே சேமிப்பு அது. அதில் ஒரு பங்கு அவர்களில் ஒருத்தியின் டிப்ளமோவுக்குப் போயிருக்கலாம்.

இன்னொன்று, கர்நாடகத்தின் யுவநிதி. 2024 ஜனவரியில் தொடங்கியது. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோக்காரருக்கு 1,500, இரண்டு ஆண்டு வரை. நல்ல திட்டம், நான் குறை சொல்பவன் இல்லை. ஆனால் மேற்கொண்டு படிக்கச் சேர்ந்தால் தகுதி போய்விடும். அப்ரண்டிஸாகச் சேர்ந்து உதவித்தொகை பெற்றாலும் போய்விடும். சும்மா இருந்தால் கிடைக்கும் பணம், படிக்கப் போனால் நிற்கிறது. டிப்ளமோக்காரர் பி.இ. சேர்ந்தாலோ பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர்ந்தாலோ தொகை தொடரும் என்று ஒரு வரியை மாற்றினால் போதும்.

மூன்றாவது கணக்கு. கூட்டல் பெருக்கலைச் சொல்லவில்லை, கால்குலஸைச் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் பட்டறைக் கணக்கோடு நின்றவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரும்போது முதலாண்டுக் கணிதத்தை அவர் படித்திருப்பதில்லை. முதல் பருவத்திலேயே அரியர் விழுகிறது. இரண்டாம் பருவத்தில் ஆளே வருவதில்லை. டிப்ளமோ வழியாகப் பி.இ.க்கு வருபவர்களுக்கு விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கூடுதல் கணிதம் என்ற பாடங்களை வைத்தது. சரியான எண்ணம். ஆனால் அது சேர்ந்த பிறகு, மற்றப் பாடங்களோடு சேர்த்துச் சுமையாக வருகிறது. சேர்வதற்கு முன் நான்கு மாதம், அவரவர் மொழியில், கையில் மைக்ரோமீட்டர் பிடித்தவருக்குப் புரியும் உதாரணங்களோடு நடக்க வேண்டும். சரிவையும் சாய்கோணத்தையும் பத்து வருடம் கையால் அளந்தவருக்கு டிரிக்னாமெட்ரி வராது என்று நான் நம்பமாட்டேன்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பதினைந்து, பதினாறு வயதில் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். அது முட்டுச்சந்து ஆகிவிடக் கூடாது என்று 1994-இல் தொழில்வழி உயர்கல்வித் தகுதிச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பயிற்சிக்காலத்திலோ அதற்குப் பிறகோ அதைப் பெற்றவர், அதை ஒட்டித் தொடங்கிய பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் சேரலாம். வங்கிக் கிளையில் பயிற்சியாளராகத் தொடங்கி வங்கித் தலைவரானவர்கள் அங்கே உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அது தொடங்கிய தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. கிடையாது. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே வரலாம். வயது தடையில்லை, வேலை தடையில்லை. பாதியில் நிறுத்தினால் டிப்ளமோ கையில், தொடர்ந்தால் பட்டம். இது மென்பொருளுக்குச் சரி. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும். அதற்குப் பக்கத்திலிருக்கும் பாலிடெக்னிக்கின் கதவு திறக்க வேண்டும்.

5. ஒரு மறுப்பு

எல்லோருக்கும் எதற்குப் பட்டம், பட்டதாரிகளே வேலையில்லாமல் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளில் படிப்பு ஏற ஏற வேலையின்மை விகிதமும் ஏறித்தான் தெரிகிறது. இந்த ஊரில் உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பி.காம். படித்திருப்பார்.

ஆனால் நான் கேட்பது எல்லோருக்கும் பட்டம் அல்ல. 18 வயதில் வேறு வழி தெரியாமல் மூன்று வருடம் பி.காம். படித்துவிட்டுப் பைக்கில் சுற்றுபவர், பிறகு எதையும் படிக்க வர முடியாது என்ற பயத்தில்தான் அந்தப் பட்டத்தை எடுத்தார். திரும்பி வரும் வழி உண்டு என்று தெரிந்தால் முதலில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு சம்பாதிக்கத் துணிவு வரும். பெற்றோருக்கும் வரும். ஓசூரில் 1980-களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது சுற்றுக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகளை எடுத்து, ஊரில் வளர்ப்புப் பெற்றோர் போலச் சில குடும்பங்களோடு தங்கவைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வேலை முதலில், படிப்பு தொடர்ந்து என்ற வரிசையை நம் குடும்பங்கள் ஏற்காது என்று சொல்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

6. எல்லைக்கோடு

ஓசூரைச் சொன்னதால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவின் தொழில் வட்டாரம் மாநில எல்லையான அத்திப்பள்ளியில் முடிவதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஓசூர், கிருஷ்ணகிரி ஒரு பக்கம். நரசாபுரம், மாலூர், தங்கவயல் இன்னொரு பக்கம். காலையில் ஆட்கள் இரு திசையிலும் எல்லையைக் கடக்கிறார்கள். இயந்திரப் பாகங்களும் கடக்கின்றன. படிப்பு மட்டும் கடப்பதில்லை. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டுமானால் பொதுவாக இந்த மாநிலத்தில் ஏழு ஆண்டு படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருப்பிடச் சான்று வேண்டும். தர்மபுரியில் பள்ளி முடித்துப் பொம்மசந்திராவில் எட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு, அவர் குடியிருக்கும் இடத்திலிருக்கும் பாலிடெக்னிக்கில் அரசுக் கட்டணத்தில் இடம் கிடைப்பது கடினம். அங்கிருந்து இங்கு வந்தவருக்கும் அப்படியே, இங்கிருந்து அங்கு போனவருக்கும் அப்படியே.

18 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த விதிகள் இருக்கட்டும். உள்ளூர்க்காரருக்கு உரிய பங்கை நான் தொட வரவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருபவர்களுக்கான பக்கவாட்டுச் சேர்க்கை இடங்களில் மட்டும் இரு மாநிலத் தொழில்நுட்பக் கல்வித் துறைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். எந்த ஊரில் பள்ளி படித்தார் என்பதற்குப் பதிலாக இந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று கேட்கலாம். அதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். வைப்பு நிதிக் கணக்கிலேயே மாதம் மாதமாகப் பதிவாகியிருக்கிறது. பெங்களூருவும் ஓசூரும் சேர்ந்து முதல் ஆண்டில் நான்கைந்து பாலிடெக்னிக்குகளில் இதைத் தொடங்கினால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு இடங்களைக் கூட்டலாம்.